சேர வந்தவர் அம்மாதான்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் வட்டாரக் கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஷூ கம்பெனியில் பதினைந்து வருடமாக அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் ஒரு பெண், முப்பத்தெட்டு வயதில் பி.ஏ. சேர வேண்டும் என்று வந்து நிற்கிறார். எதற்காக வந்திருப்பார் என்று கல்லூரிக்காரர்களிடம் கேட்டால் இரண்டு விடைதான் வருகிறது. பட்டம் வாங்கினால் நல்ல வேலை கிடைக்கும் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள், பாவம் என்பது ஒன்று. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பொழுது போகவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. வேலை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பொழுதோ கிடையவே கிடையாது. விடியுமுன் எழுந்து, சமைத்து, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, லைனில் உட்கார்ந்து, டார்கெட் முடித்து, ஓ.டி. இருந்தால் அதையும் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் அவர். வாரத்தில் மிஞ்சும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைத் துணி துவைக்கும் கல்லிடமிருந்து பிடுங்கிப் பாடப் புத்தகத்துக்குக் கொடுக்கிறார். ஏன் என்று அவரையே கேட்டுவிடலாமே.

நான் கேட்டிருக்கிறேன். ஆம்பூரில் இப்படி வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், தேர்வு நெருங்கினால் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுப்பதும் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. சம்பளம் கிடையாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதப்போகிறவர்கள், என்றோ நிறுத்திய பேப்பர்களை முடிக்க நினைப்பவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

அவர்கள் முதலில் ஏன் படிப்பை விட்டார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறவைத்துப் பாதிப் பதத்தில் லண்டன் ஏலத்துக்குக் கப்பலேற்றிய காலத்தில் இது ஆண்களின் தொழில். சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் ஆண்கள். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்றது. அதன் பிறகுதான் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. ஷூவுக்குத் தையல் வேண்டும், தையலுக்குப் பெண்கள் வேண்டும். மாதனூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், நாட்றம்பள்ளி பக்கத்துக் கிராமங்களின் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் கூட்டலில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போனது. பத்தாவது வரை வந்த பெண்ணுக்கு அளவு படிக்கத் தெரியும், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடத் தெரியும். கம்பெனிக்கு அது போதும். அரசும் அறியாமல் இதற்கு ஒரு கை கொடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பணம் வாங்க மணப்பெண் பத்தாவது வரை படித்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. நல்ல விதி, நடுவிலேயே நின்றுபோயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்களைப் பத்தாவது வரை இழுத்து வந்தது. ஆனால் பல வீடுகளில் அந்தப் பத்தாவதே எல்லைக்கல் ஆகிவிட்டது. பட்டதாரிப் பெண்ணுக்குக் கூடுதல் தொகை என்று பின்னால் வந்தபோது இவர்களுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. பத்தாவது, கம்பெனி, பி.எஃப்., கல்யாணத்தின்போது அந்தப் பி.எஃப். பணத்தை எடுத்து நகை, குழந்தை, குழந்தை பள்ளிக்கூடம் போனதும் மறுபடி கம்பெனி. இந்த வரிசையில் கல்லூரியை எங்கே செருகுவது? இவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பு ஏறிக்கொண்டிருந்தபோதே சம்பளம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி அவர்கள் திரும்பி வரும் காரணங்கள். வேலை உயர்வு அதில் இல்லவே இல்லை என்றால் பொய் சொன்னவளாவேன். லைனில் தைக்கிறவருக்கும், க்யூ.சி. மேசையில் நிற்கிறவருக்கும், ஆபீசில் உட்கார்ந்து வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புகிறவருக்கும் நடுவில் ஒரு பட்டச் சான்றிதழ் நிற்கிறது. பதினைந்து வருடம் கை வைத்தவரை மேற்பார்க்க, டிகிரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பையன் வருகிறான். எந்தத் தோலுக்கு எந்த ஊசி, எந்த இடத்தில் ஸ்கைவிங் (ஓரம் சீவுவது) மெலிந்தால் மடிப்பு வெடிக்கும் என்பதை இவர்தான் அவனுக்குச் சொல்லித் தருகிறார். மூன்றாம் மாதம் அவன் இவரை “ஏய்” என்று கூப்பிடுகிறான். என்னிடம் வந்த ஒருவர் சம்பள வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த “ஏய்” பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

இன்னொருவர் பி.காம். சேர்ந்தார். கணக்கில் பெரிய பிரியம் எல்லாம் இல்லை. அவருக்கு ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவில் வேறு எழுத்தில் இன்னொரு பெயர், கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். பி.எஃப். தளம் இவரை இரண்டு பெண்களாகப் பார்த்தது. பழைய கம்பெனியின் பணம் புதுக் கணக்குக்கு மாறவில்லை. நெட் சென்டரில் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து, யாரோ தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிராஜுவிட்டிக்குத் தொடர்ந்து ஐந்து வருடம் வேண்டும். நடுவில் நின்று மறுபடி சேர்ந்தால் பழைய வருடங்கள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தன் பணத்தைப் பற்றித் தனக்கே தெரியாதது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் வருடப் பாடத்தில் தொழிற்சட்டம் வந்தபோது அவர் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். தேர்வுக்காகக் கோடு போடுகிறவர் இவ்வளவு அழுத்திப் போடமாட்டார்.

மூன்றாவதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட்டால் மடலே பொய்யாகும். தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் கூடத்தில், வேலை செய்தவர் மேல் ஒரு வாசனை இருக்கும். குளித்தாலும் போகாது. அவர் பிள்ளையைப் பள்ளியில் “அப்பா எங்கே வேலை?” என்று கேட்டால், “கம்பெனி” என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தோலைத் தொடும் தொழிலோடு சாதியும் ஒட்டிக்கொண்டே வந்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பட்டம் வாங்கினால் சாதி போய்விடுமா என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். போகாது என்று அந்தப் பெண்களுக்கு அவரைவிட நன்றாகவே தெரியும். அவர்களைத் தாலுகா ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் வாசற்படியில் நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறார்கள். பட்டம் இருந்தால் உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடமாட்டார்களா என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த நாற்காலிக்காக மூன்று வருடம் படிக்கலாம் என்று அவர்கள் முடிவெடுத்தால், அது தப்புக்கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயமும் ஒரு காரணம். 2020-இல் ஊரடங்கு வந்து மெஷின்கள் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் டீக்கடைகளில் ஆர்டரைத் தவிர வேறு பேச்சில்லை. 2024 இறுதியில் பனப்பாக்கத்தில் தோல் அல்லாத காலணி செய்யும் பெரிய ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் தோலின் போக்கு அறிந்த விரலுக்கு அங்கே என்ன மதிப்பு, நாற்பது வயதுக்காரரை எடுப்பார்களா என்ற கேள்விகளும் கூடவே பஸ்ஸில் ஏறுகின்றன. அதனால் ஒரு டிகிரியாவது கையில் இருக்கட்டும் என்கிறார்கள். இது உங்களுக்குப் புரியும் காரணம் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

புரியாமல் போகக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் கல்வி ஒரு கட்டாயப் பாடம். நீங்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை, மாணவர்களும் மதிப்பதில்லை. கடைசி வாரம் வழிகாட்டி நூல் படித்துத் தேறிவிடுகிற பாடம். அந்தப் புத்தகத்தில் ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டின் கீழ் வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கு வரும். பாலாற்றையும் கிணறுகளையும் தோல் கழிவு கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் சொன்ன தீர்ப்பு. நாட்டில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கோட்பாட்டைப் படிக்கிறார்கள். என்னிடம் வரும் ஒரு பெண்ணின் அப்பா தோல் ஷாப்பில் இருந்தவர், அம்மா வழி நிலம் உப்பாகிப்போனது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். “எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணி புக்குல வந்துகீதுக்கா” என்றார். சோறு போட்ட தொழில்தான் கிணற்றையும் கெடுத்தது என்று அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆனால் அது கோர்ட்டுக்குப் போன விஷயம், எழுதிவைக்கப்பட்ட விஷயம், தன் வீட்டார் புலம்பல் மட்டும் அல்ல என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொன்னபோது அதைச் செய்தித்தாளில் தேடிப் படித்து எனக்குப் போன் செய்தவரும் அவர்தான். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஐந்து மதிப்பெண். இவருக்கு அப்படியில்லை. வயது வந்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்தால் பாடத்துக்கே இன்னொரு கனம் வருகிறது என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

அடுத்து, பிள்ளைகள். மகளுக்கு எடுத்துக்காட்டாக இருக்க அம்மா படிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதும். நான் பார்த்த நடப்பு அதைவிடச் சிக்கலானது. 2010 முதல் நம் மாநிலத்தில் ‘முதல் பட்டதாரி’ சலுகை இருக்கிறது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர் யாரும் பட்டதாரியாக இல்லாத குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு வழியாகப் போனால், கற்பிப்புக் கட்டணத்தில் வருடத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் தள்ளுபடி. கம்பெனிச் சம்பளத்தில் பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்ட திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மகள் பிளஸ் டூ முடிப்பதற்குள் அம்மா பி.ஏ. முடித்துவிட்டால் அந்த வீட்டில் முதல் பட்டதாரி அம்மா. மகளுக்குச் சலுகை போச்சு.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றாம் வருடத்தில் கடைசிப் பேப்பரை எழுதாமலே வைத்திருக்கிறார். ஃபெயில் ஆகவில்லை, தேர்வுக்கே போகவில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. பட்டதாரி ஆகாமல் இருக்கிறார், அவ்வளவே. மகளுக்குச் சான்றிதழ் வந்து, கல்லூரிச் சேர்க்கை முடிந்து, நான்கு வருடமும் கழிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார். அதற்குள் பதிவுக்காலம் முடிந்துபோனால் மறுபதிவு, மறுபடி கட்டணம். எந்த விடைத்தாளிலும் வராத இந்தக் கணக்கை அவர் மனதிலேயே போட்டு முடித்திருந்தார். ஆசிரியராக எனக்கு அதில் திருத்த ஒன்றுமில்லை. பெயர் சொல்ல மாட்டேன் என்றதற்குக் காரணம் இதுதான். தாயின் பட்டம் மகளின் சலுகையைப் பறிக்கிற இந்த ஒரு விதியை மாற்றச் சொல்லி உயர்கல்வித் துறைக்கு ஒரு கடிதம் எழுத உங்களால் முடியும். முப்பது வயதுக்குப் பிறகு திறந்தநிலையில் பட்டம் பெற்ற பெற்றோரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேளுங்கள். நான் எழுதினால் அது இன்னொரு மனு. கல்லூரி முதல்வர்கள் சேர்ந்து எழுதினால் அதற்கு ஒரு கோப்பு எண் கிடைக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு மாதம் ஆயிரம் தருகிறது. தொலைநிலையில் படிக்கும் அம்மாவுக்கு அதில் இடமில்லை. அம்மா தன் கட்டணத்தை 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையிலிருந்து மிச்சம் பிடிக்கிறார். வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் வருகிறார். இந்தத் திட்டங்களைப் போட்டவர்கள் இதை நினைத்திருப்பார்களா என்று தெரியாது. ஆனால் ஒரு பட்டப்படிப்பு இப்படியும் நடக்கிறது.

வழியில் இருக்கும் பெரிய சுவர் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு காலத்தில் பத்தாவது கூட முடிக்காதவர் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்க முடிந்தது. பிரிட்டனில் 1969-இல் சாசனம் பெற்று 1971-இல் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்படிப்பு எதுவும் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விட்டது. அந்த எண்ணம்தான் இங்கேயும் வந்தது. (அதே 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் சொல்வதில்லை.) 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதே வருடம் தமிழ்நாடு அரசின் ஆணையும் வந்தன. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று ஆனது. விவரம் தெரியாமல் அதற்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர்கள் அழகாகச் சட்டம் போட்டு மாட்டிய பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, “இது செல்லாதாமே, நிஜமாவா?” என்று கேட்டால் என்ன சொல்வது? தரம் காக்க வேண்டும் என்ற நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பின்வாசலை அடைத்தவர்கள் முன்வாசலுக்கு ஒரு படிக்கட்டாவது கட்டியிருக்கலாம்.

ஏனென்றால் முன்வாசல் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. பன்னிரண்டுக்கு முன் பத்தாவதை முடிக்க வேண்டும்; அதைத் தனித்தேர்வராக எழுத மேல் வயது வரம்பில்லை. ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஏதோ ஒரு பள்ளியில் போய்ச் செய்ய வேண்டும். வேலை நாளில் லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, மகன் வயதுப் பையன்கள் நடுவில் டெஸ்ட் டியூபைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதில் வெட்கப்பட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் அறக்கட்டளைகள் பெரும்பாலும் பள்ளியும் நடத்துகின்றன, கல்லூரியும் நடத்துகின்றன. வயது வந்தவர்களுக்கென்று தனியாக ஒரு ஞாயிறு செய்முறைக் குழு அமைக்கக் கல்வித் துறையிடம் அனுமதி கேட்பது உங்களுக்குப் பெரிய காரியமா?

உருது வழியில் படித்த பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இவர்கள் பலர். கம்பெனிக்குப் போகாமல், வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் அப்பர் தைத்துக் கொடுக்கிறவர்களும் இவர்களில் உண்டு. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, அடையாள அட்டை கூடக் கிடையாது. தமிழ் பேச வரும், எழுதுவதில் தடுமாற்றம். ஹைதராபாத்தில் 1998 முதல் இயங்கும் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகத்தில் உருதிலேயே தொலைநிலையில் படிக்கலாம் என்று சொன்னால் பாதிப்பேருக்கு அது புதுச் செய்தி. ஒருவர் சொன்னார்: “ஆபா, எனக்குப் பட்டம் வேணாம். என் பேருக்கு ஒரு ஐடி கார்டு கிடைக்குமா?” மாணவி என்ற அடையாள அட்டை. அதற்காகவும் ஒருவர் உயர்கல்விக்கு வரலாம்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். நம் வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. 1965-இல் மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி; அந்தப் பெயருக்குரியவர் தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கொடையாகக் கொடுத்தவர். 1969-இல் ஆம்பூர் மழ்ஹருல் உலூம் கல்லூரி. இவற்றைத் தொடங்கிய பெரியவர்கள், சம்பாதித்த பணத்தைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியூர் போகாமல் படிக்க வேண்டும் என்று கட்டடமாக்கினார்கள். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் கட்டடங்கள் இல்லாவிட்டால் இன்று எனக்கு இந்த மடல் எழுத முகவரியே இருந்திருக்காது. ஆனால் அந்தச் செல்வத்தில் தோலை ஊறவைத்தவரின் கையும், பின்னாளில் தைத்தவரின் கையும் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் உங்கள் வகுப்பறைக்கு வந்துவிட்டார்கள். தைத்தவர்கள் இன்னும் வரவில்லை.

வராததற்கு நேரம் ஒரு பெரிய காரணம். இரண்டாம் ஷிப்ட் நடத்தும் கல்லூரிகளிலும் அது பெரும்பாலும் மதியம் தொடங்கிக் கம்பெனி விடும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் சென்னையிலும் மதுரையிலும் மாலைநேரக் கல்லூரிகள் இருந்தன. குமாஸ்தாக்களும் மில் தொழிலாளர்களும் வேலை முடித்துப் போய்ப் படித்தார்கள். அஞ்சல்வழி வந்ததும் அவை தேய்ந்தன. அஞ்சலில் புத்தகம் வந்துவிடும். ஆனால் புரியாத வரியைச் சுட்டி “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்க ஒரு முகம் வேண்டும். அது தபாலில் வராது. தொலைநிலையில் பாதியில் நின்றவர்களிடம் கேட்டால் பாடம் கடினம் என்று அதிகம் பேர் சொல்வதில்லை. தனியாக இருந்தது என்கிறார்கள்.

இன்னொரு காரணம் சேர்க்கை மேசை. ஒரு கல்லூரிக்கு, பெயர் வேண்டாம், ஒருவரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். “பொண்ணு எங்கம்மா? பொண்ணு வந்தாதான் ஃபார்ம் தருவோம்” என்றார். சேர வந்திருப்பவர் இவர்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். கேலி எதுவும் இல்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. என்னுடன் வந்தவர் எழுந்துவிட்டார். “பரவாயில்லைங்க, பொண்ணக் கூட்டினு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்கு இருப்பது இரண்டும் ஆண் பிள்ளைகள்.

ஒரு சின்னக் கணக்கும் உங்கள் பார்வைக்கு. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. எத்தனை வயது மாணவராக இருந்தாலும் மேலே கூட்டிக்கொண்டு, 18 முதல் 23 வயதுள்ளோரின் தொகையால் வகுத்து வருகிற எண் அது. தொலைநிலையில் படிக்கும் முப்பத்தெட்டு வயதுக்காரர் கூட்டலில் வருகிறார், வகுத்தலில் வருவதில்லை. அதாவது மாநிலத்தின் பெருமைக்கு அவர் இலவசமாக உழைக்கிறார். ஓ.டி. மாதிரிதான், ஆனால் இதற்கு ரெட்டைச் சம்பளம் கூடக் கிடையாது.

உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ளது அல்ல. புதுத் துறை வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். நூலகத்தில் வெளியார் அட்டை என்று ஒன்று போட்டு, உட்கார்ந்து படிக்க விடுங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களில் ஆங்கிலத்துக்கு ஒருவர், வணிகவியலுக்கு ஒருவர் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கழிப்பறை பூட்டியிருக்கக் கூடாது. இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் பெண்கள் வகுப்பு எங்கே நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும். சிலர் கைக்குழந்தையோடு வருவார்கள். பக்கத்து அறையும் திறந்திருந்தால் நல்லது.

கம்பெனி முதலாளிகளில் பலர் உங்கள் நிர்வாகக் குழுக்களிலும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். அந்த நாட்களில் தேர்வு எழுதுகிறவருக்கு ஷிப்மென்ட் அவசரம் என்று லீவை மறுக்காமல் இருக்க ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாங்கள் கேட்டால் அது கோரிக்கை, நீங்கள் கமிட்டியில் சொன்னால் காரியம் நடக்கும்.

இதைப் படித்துவிட்டு உங்களில் யாராவது ஒருவர் சம்மதித்தால் போதும், ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ எங்கே என்றாலும் சரி. ஜனவரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் வந்துவிடும். அதற்கு முன்னால் அறையைப் பார்த்து, பெருக்கி, பெஞ்சு சரிபார்க்க வேண்டும். வாட்ச்மேனிடம் சாவி யார் பெயரில் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூரில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஒருத்தி